தாய் அட்டவணையும் சேய் அட்டவணையும்: தரவு உறவுமுறையின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

கணினியின் நினைவகத்தில் வைத்துக் கையாளப்படும் இரு தரவு அட்டவணைகளை ஒன்றோடொன்று தொடர்புபடுத்துமிடத்து, அவற்றுள் ஒன்றைத் தாய் அட்டவணை என்றும் மற்றையதைச் சேய் அட்டவணை என்றும் வழங்குவது செய்நிரலாளரிடையே இன்று நிலைபெற்ற மரபாகும். ஆங்கிலத்தில் ஆண்பாலோ பெண்பாலோ சுட்டாத 'பெற்றோர்' என்ற பொதுச்சொல் பயிலும் இடத்திலே தமிழ் தாயைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பது தனியே ஆராயத்தக்கது. ஆயின் சொல்லைக் காட்டிலும் முக்கியமானது அச்சொல் மறைத்து நிற்கும் பொருளாகும். தாய், சேய் என்ற சொற்கள் இயற்கையான ஓர் உறவைக் குறிப்பன போலத் தோன்றுகின்றன. உண்மையில் அவை எதனை எதன்கீழ் அடக்குவது என்று மனிதர் செய்த தீர்மானத்தின் பெயர்களேயாகும். அத்தீர்மானம் எச்சூழலிற் பிறந்தது, எவ்வாறு எதிர்க்கப்பட்டது, எவ்வடிவில் மீண்டது என்பனவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வுறவுமுறையின் பிறப்பிடம் தொழிற்சாலை என்பதை முதலிற் குறிப்பிடல் வேண்டும். 1960களின் முற்பகுதியில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்திற் பணியாற்றிய சார்ள்ஸ் பக்மன் 'ஒருங்கிணைந்த தரவுக் களஞ்சியம்' என்னும் அமைப்பை உருவாக்கினார். அதே பத்தாண்டின் பிற்பகுதியில், அப்பலோ சந்திரப் பயணத் திட்டத்தின் தேவைகளையொட்டி, ஐ.பி.எம். நிறுவனம் றொக்வெல், கற்றர்பில்லர் ஆகிய நிறுவனங்களுடன் இணைந்து 1966இல் தொடங்கிய பணி, பின்னர் ஐ.எம்.எஸ். எனப் பெயர்பெற்ற அமைப்பாக முதிர்ந்தது. 1968 ஆகஸ்ட் 14ஆந் திகதி கலிபோர்ணியாவின் டௌனி நகரிலிருந்த றொக்வெல் நிலையத்தில் அது முதன்முதலாக இயங்கத் தொடங்கியது. வெவ்வேறு இடங்களில் எழுந்தவையாயினும் இவ்விரு அமைப்புகளும் எதிர்கொண்ட பிரச்சினை ஒன்றே. ஓர் இயந்திரம் எந்தெந்தப் பகுதிகளாலானது, ஒவ்வொரு பகுதியும் எந்தெந்த உறுப்புகளாலானது, எத்தனை உறுப்புகள் களஞ்சியத்தில் உள்ளன, எத்தனையைத் தருவிக்க வேண்டும் என்பதே அது. பெருந்தொகை உற்பத்தியின் இவ்விருப்புக் கணக்கு, காகித அட்டைகளாற் சமாளிக்க முடியாத அளவுக்குப் பெருகிவிட்டிருந்தது.

ஐ.எம்.எஸ். கண்ட தீர்வு மரவடிவமாகும். வேர்த் துண்டம் ஒன்று. அதன்கீழ்ச் சேய்த் துண்டங்கள். அவற்றின்கீழ் அவற்றின் சேய்கள். ஒரு தாயின்கீழ் வரும் ஒரே வகைத் துண்டங்கள் 'இரட்டையர்' எனவும் அழைக்கப்பட்டன. குடும்பச் சொற்கள் கணினித்துறையில் இவ்வளவு முழுமையாகக் குடியேறியது இங்கேதான் எனலாம். செய்நிரல், மரத்தின் வேரிலே புகுந்து, 'இத்தாயின்கீழ் அடுத்ததைத் தருக' என்ற கட்டளை மூலம் ஒவ்வொரு சேயாகப் பெற்றுச் சென்றது. தாயை அழித்தால் அதன் வழிவந்த அனைத்தும் அழியும். சேய்க்குத் தனியிருப்பு இல்லை. தாயினூடாக அன்றி அதனை அணுகும் வழியும் பொதுவாக இல்லை.

இயந்திரத்தின் உறுப்புகளைப் பொறுத்தவரை இது பொருத்தமாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் தொழிற்சாலையின் உள்ளேயே இம்மரம் முறியும் இடமும் இருந்தது. ஒரே அளவான திருகாணி நூறு பகுதிகளிற் பயன்படுகின்றது. அதற்குத் தாய் எது? நூறு தாய்களின்கீழும் அதனை நூறு முறை எழுதலாம். அவ்வாறெழுதின் திருகாணியின் விலை மாறும்போது நூறு இடங்களில் மாற்ற வேண்டும், ஒன்று தவறினும் கணக்கு பொய்க்கும். ஐ.எம்.எஸ். பின்னர் 'தருக்கத் தாய்', 'தருக்கச் சேய்' என்ற ஏற்பாட்டைச் சேர்த்து இதனைச் சமாளித்தது. பக்மனோ தொடக்கத்திலேயே வேறு வழியை நாடியிருந்தார். அவருடைய அமைப்பில் ஒரு பதிவு பல தொகுதிகளில் உறுப்பினராகலாம். ஆதலால் பகுதிக்கும் திருகாணிக்கும் இடையே ஓர் இணைப்புப் பதிவை வைத்து, அதனை இரண்டிற்கும் உரியதாக்க முடிந்தது. மரம் வலையாயிற்று.

பக்மனின் வழியை, கொபோல் மொழியின் பொறுப்பிலிருந்த கொடசில் என்னும் குழு ஏற்று, 1969இலும் 1971இலும் விரிவான அறிக்கைகளை வெளியிட்டது. அவ்வறிக்கைகளின் கலைச்சொல் கவனத்திற்குரியது. அங்கே தாயுமில்லை, சேயுமில்லை. 'உடைமையாளர்', 'உறுப்பினர்' என்ற சொற்களே உள்ளன. குருதியுறவின் சொல் உடைமையுறவின் சொல்லாக மாறியமை தற்செயலாகவே இருக்கலாம். இதிலிருந்து பெருமுடிவுகளைப் பெற நான் விரும்பவில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லலாம். உறுப்பினர் ஒருவர் உடைமையாளரின்றி இருக்க முடியுமா, முடியாதா என்பதை அவ்வறிக்கைகள் ஒவ்வொரு தொகுதிக்கும் வெளிப்படையாக அறிவிக்கும்படி கேட்டன. சார்ந்திருத்தல் என்பது தானாக வருவதன்று, அறிவிக்கப்பட வேண்டியது என்ற உணர்வு அங்கே தோன்றிவிட்டது.

1973இல் பக்மனுக்கு ரியூரிங் விருது வழங்கப்பட்டது. அவ்வேளை ஆற்றிய உரையில், செய்நிரலாளனை அவர் மாலுமியாக உருவகித்தார். பூமியை மையமாகக் கொண்ட வானியலைக் கொப்பேர்னிக்கசு மாற்றியமைத்தது போல, கணினியை மையமாகக் கொண்ட பார்வை தரவை மையமாகக் கொண்ட பார்வையாக மாறவேண்டும் என்பதே அவர் வாதம். தரவுக் கடலிலே பதிவிலிருந்து பதிவிற்குச் செல்லும் மாலுமியின் திறன் அவருக்குப் பெருமிதம் தந்தது. ஆனால் மாலுமி வழியை அறிந்திருக்க வேண்டும். வழி மாறினால் அவன் கைவிடப்படுவான். அந்த இடத்திலேதான் எட்கர் கொட் என்பவரின் விமரிசனம் எழுந்தது.

கொட் இங்கிலாந்திற் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரில் விமானியாகப் பணியாற்றியவர், பின் ஐ.பி.எம். நிறுவனத்திற் சேர்ந்தவர். 1953இல், மக்கார்த்தியின் கம்யூனிச வேட்டையை வெறுத்து அமெரிக்காவை விட்டுக் கனடாவிற்குச் சென்று சில ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது அவரது வாழ்க்கைக் குறிப்புகளிற் பதிவாகியுள்ளது. அவரது கோட்பாட்டை இந்நிகழ்ச்சியிலிருந்து வருவிக்க முனைவது கொச்சையான பொருள்முதல்வாதமாகவே முடியும். அக்கோட்பாடு கணிதத்தின் கணக் கொள்கையிலிருந்து எழுந்தது. 1970 யூன் மாதம் வெளிவந்த அவரது கட்டுரை, பெருந்தரவு வங்கிகளைப் பயன்படுத்துவோர் அத்தரவு இயந்திரத்தினுள்ளே அடுக்கப்பட்டிருக்கும் முறையை அறியவேண்டிய நிலையிலிருந்து காக்கப்பட வேண்டும் என்று வாதிட்டது.

அக்கட்டுரையில் அவர் தரும் எடுத்துக்காட்டு நம் பொருளின் நடுவிடத்தைத் தொடுகிறது. உறுப்புகள் உள்ளன; வேலைத்திட்டங்கள் உள்ளன; எந்த உறுப்பு எந்தத் திட்டத்திற்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டுள்ளது என்ற செய்தியும் உள்ளது. இதனை மரமாக அமைக்க ஐந்து வழிகளைக் கொட் காட்டுகிறார். திட்டங்களை உறுப்புகளின்கீழ் அடக்கலாம். உறுப்புகளைத் திட்டங்களின்கீழ் அடக்கலாம். இரண்டையும் சமமாக வைத்து, ஒதுக்கீட்டை ஒன்றன்கீழோ மற்றொன்றன்கீழோ அடக்கலாம். மூன்றையுமே சமமாக வைக்கலாம். குறித்த ஒரு திட்டத்திற்கு ஒதுக்கப்பட்ட உறுப்புகளை அச்சிடும் எளிய செய்நிரலொன்றை இவ்வைந்தில் ஓர் அமைப்பை மனத்திற்கொண்டு எழுதினால், எஞ்சிய நான்கில் மூன்றிலேனும் அது தோல்வியுறும். தாய் யார், சேய் யார் என்பது பொருளின் இயல்பிலே இல்லை, அதனை அமைத்தவரின் தேவையிலே உள்ளது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுதல் அரிது.

கொட் தந்த மாற்றுவழி யாது? தரவு யாவும் தட்டையான அட்டவணைகளில் இருக்கும். உறவு, சுட்டிகளால் அன்றி, பெறுமானங்களாலேயே உணர்த்தப்படும். மரத்தை அட்டவணைகளாக மாற்றும் முறையையும் அவர் கூறினார். வேரிலிருந்து தொடங்கி, தாயின் முதன்மைச் சாவியை ஒவ்வொரு சேயிலும் எழுதிவிட்டு, தாயிலிருந்து சேயைப் பற்றிய குறிப்பை நீக்கிவிட வேண்டும். இச்செயலின் விளைவு பெரிது. ஐ.எம்.எஸ். அமைப்பில் தாய் தன் சேய்களை அறிந்திருந்தது. இப்போது சேய்தான் தாயின் இலக்கத்தைச் சுமந்து நிற்கிறது. தாயின் நிரையைப் பார்த்து அதற்குச் சேய் உண்டோ இல்லையோ எவராலும் சொல்ல இயலாது. சேய் சுமக்கும் அச்சாவியை நமது பாடநூல்கள் 'அந்நியச் சாவி' என மொழிபெயர்த்துள்ளன. பெற்ற தாயின் அடையாளமே அந்நியமெனப் பெயர் பெற்றது மொழிபெயர்ப்பின் விந்தைகளுள் ஒன்று.

அக்கட்டுரையின் பிறிதோர் எடுத்துக்காட்டு இன்று வாசிக்கையில் இன்னும் கூர்மையாகத் தென்படுகிறது. நிறுவனமொன்றின் ஊழியர் பதிவு அது. ஊழியரின் தொழில் வரலாறும் அவரது பிள்ளைகளின் விபரமும் அதன்கீழ் உள்ளன. மேற்கூறிய முறைப்படி பிரிக்கும்போது, பிள்ளைகள் தனி அட்டவணையாகி, ஊழியரின் இலக்கம், பிள்ளையின் பெயர், பிறந்த ஆண்டு என்ற மூன்று நிரல்களைப் பெறுகின்றனர். இங்கே தாய்ப் பதிவும் சேய்ப் பதிவும் உருவகமல்ல. மெய்யாகவே பெற்றவரும் பிள்ளையும். அப்பிள்ளையின் தந்தையும் தாயும் அந்நிறுவனத்திலேயே தொழில் புரிபவராயின் நிகழ்வது என்ன? ஒரே பிள்ளை இரு நிரைகளாகி விடும். இரண்டும் ஒருவரே என்பதை அட்டவணை அறியாது. ஒருவர் வேலையினின்று நீங்கி அவர் நிரை அழிக்கப்படுமாயின், அவரது இலக்கத்தைத் தாங்கிய பிள்ளையின் நிரைக்கு ஆதாரம் இல்லாமற் போகும். சம்பளப் பட்டியலுக்கு இது போதுமானதே. ஊழியர் வழியாக அன்றிப் பிள்ளையைப் பற்றி அறிய நிறுவனத்திற்குத் தேவை இல்லை. ஆனால் அதே அட்டவணையை மருத்துவ உதவிக்கோ கல்வி உதவிக்கோ பயன்படுத்தத் தொடங்கும் நாளில், நிறுவனத்தின் பார்வையே பிள்ளையின் இருப்பைத் தீர்மானிப்பதாகிவிடும். கொட் இதனைப் பற்றி எழுதவில்லை. அவர் காட்டியது முறையை. முறையின் சமூகப் பொருளை வாசிப்பது நம் பணி.

1974இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் பக்மன், கொட் ஆகிய இருவரின் தரப்புகளும் நேருக்கு நேர் விவாதித்தன. கோட்பாட்டளவில் கொட் வென்றார் என்பது பொதுவான கணிப்பு. சந்தையளவில் வெற்றி காலந்தாழ்ந்தே வந்தது. ஐ.எம்.எஸ். மூலம் பெருவருவாய் ஈட்டிய ஐ.பி.எம். தன் ஊழியரின் கண்டுபிடிப்பைச் சந்தைப்படுத்தத் தயங்கியது. 1979இல் பின்னாளில் ஒறக்கிள் எனப் பெயர்பெற்ற சிறு நிறுவனம் முந்திக்கொண்டது; ஐ.பி.எம். 1981இலும் 1983இலுமே தனது அமைப்புகளை வெளியிட்டது. உறவுநிலை மொழிக்கு 1986இல் வகுக்கப்பட்ட முதல் அமெரிக்க நியமத்தில் அந்நியச் சாவிக்கு இடமே இருக்கவில்லை. 1989இன் திருத்தத்திற்றான் அது புகுந்தது. தாயை அழித்தாற் சேய்க்கு என்ன நேரும் என்ற வினாவுக்கான தெரிவுகள், அதாவது தொடர்ந்து அழித்தல், வெறுமையாக்குதல், இயல்புப் பெறுமானம் இடல், எதுவும் செய்யாது மறுத்தல் என்பவை, 1992இன் நியமத்திலேயே நிறைவுபெற்றன. அங்கே ஒன்றும் கூறாவிடின் மறுத்தலே விதியாகும். சேய் இருக்குமட்டும் தாயை அழிக்க இயலாது என்பதே தரவுத்தளத்தின் இயல்பான நிலைப்பாடாயிற்று.

இனி நினைவக அட்டவணைகளுக்கு வருவோம். 1990களின் இறுதிவரை, அலுவலகமொன்றிற் பத்திருபது பேர் நாள் முழுதும் தரவுத்தளத்துடன் தொடுப்பைத் திறந்து வைத்திருத்தல் இயலுமானதாக இருந்தது. இணையம் பரவியபோது அது குலைந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் வந்து, ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு அகன்றனர். ஒவ்வொரு தொடுப்பும் சேவையகத்தின் வளத்தை உண்ணுவதாகையால், தொடுப்பைச் சிறிது நேரமே திறந்து, வேண்டிய தரவை நினைவகத்திற்கு அள்ளிக்கொண்டு, உடனே மூடிவிடுதல் பொருளாதார நியதியாயிற்று. மைக்ரோசொப்ற் நிறுவனம் 2002 பெப்ரவரியில் வெளியிட்ட 'டொட் நெற்' கட்டமைப்பின் 'டேற்றாசெற்' என்னும் பொருள் இத்தேவையின் குழந்தை. அது பல அட்டவணைகளைத் தாங்கும் சிறு தரவுத்தளம். ஆனால் வட்டிலிலன்றி நினைவகத்தில் வாழ்வது. அவ்வட்டவணைகளை இணைப்பதற்கென 'டேற்றா றிலேஷன்' என்ற பொருளும் வழங்கப்பட்டது.

அதன் இயக்கத்தை ஒரு நூலகத்தை வைத்து விளக்கலாம். வாசகர், நூல், இரவல் என மூன்று அட்டவணைகள். இரவல் நிரையில் வாசகர் இலக்கமும் நூல் இலக்கமும் உண்டு. மூன்றையும் ஒரே வினவலால் இணைத்துப் பெற்றால் வாசகரின் பெயர் இரவல்தோறும் திரும்பத் திரும்ப வரும். ஆகவே தனித்தனி வினவல்களால் மூன்று அட்டவணைகளையும் நிரப்பி, வாசகர் இலக்கத்தின் வழியாக ஓர் உறவையும் நூல் இலக்கத்தின் வழியாக மற்றோர் உறவையும் நிறுவுவர். அதன்பின் ஒரு வாசகரின் நிரையை நோக்கி 'உன் சேய் நிரைகளைத் தா' எனக் கேட்கலாம். ஓர் இரவல் நிரையை நோக்கி, எவ்வுறவின் வழி என்பதைக் குறித்து, 'உன் தாய் நிரையைத் தா' எனவும் கேட்கலாம். சேய்களின் தொகையைத் தாயிலேயே கணித்துக் காட்டும் நிரல்களையும் அமைக்கலாம். கொட் பறித்த அறிவு தாய்க்கு மீண்டும் கிடைத்துவிட்டது. 'இத்தாயின்கீழ் அடுத்ததைத் தருக' என்ற 1968இன் கட்டளையும் இதுவும் செய்யும் வேலை ஏறத்தாழ ஒன்றே. தரவுத்தளத்திலே தோற்ற மாலுமி, நினைவகத்திலே மீண்டும் சுக்கானைப் பிடித்தான்.

ஆயினும் இது பழமைக்குத் திரும்பியதன்று. இங்கே இரவலுக்கு இரு தாய்கள் உண்டு. எதனை முதன்மையாக்குவது என்பதை ஒவ்வொரு திரையிலும் வேறுவிதமாகத் தீர்மானிக்கலாம். கொட்டின் ஐந்து அமைப்புகளையும் ஒரே தரவின்மீது நிறுவ முடியும் என்பது மெய்யான முன்னேற்றமே.

இடர் வேறிடத்தில் உள்ளது. நினைவகத்திலிருப்பது முழுமையன்று, துண்டு. இம்மாத இரவல்களையும் ஒரு பீடத்து வாசகரை மட்டும் கொண்டுவந்தால், ஏனைய பீடத்தவரின் இரவல்கள் தாயற்ற நிரைகளாக நிற்கும். உறவுடன் தானே உருவாகும் கட்டுப்பாடு, செய்நிரலை அவ்விடத்திலேயே நிறுத்திவிடும். தரவுத்தளத்தில் அவ்விரவல்களுக்குத் தாய் இருக்கிறது. நம் பார்வையின் குறுக்கமே அவற்றை அநாதையாக்கியது. இத்தகைய வழுவைக் கண்டதும் கட்டுப்பாட்டையே நீக்கிவிடும் வழக்கம் செய்நிரலாளர் சிலரிடம் உண்டு. நிரப்பும்போது மட்டும் அதனை இடைநிறுத்தி, நிரப்பியபின் மீள நிறுவுவதும், எந்தச் சேய்களைக் கொணர்கிறோமோ அவற்றின் தாய்களையும் கொணர்வதுமே முறையாகும்.

புதிய நிரைகளுக்கு நிலையான இலக்கத்தைத் தரவுத்தளமே வழங்குமாகையால், நினைவகத்திற் பிறக்கும் வாசகருக்கு −1, −2 என எதிர்மறை இலக்கங்கள் தற்காலிகமாக இடப்படுவதுண்டு. சேமிக்கும்போது மெய்யான இலக்கம் திரும்பிவர, தொடர் மாற்ற விதியினால் இரவல்களிலும் அது தானே திருந்துகிறது. சேமிக்கும் ஒழுங்கும் கட்டாயமானது. முதலில் அழிந்த சேய்கள், பின் தாய்கள், இறுதியிற் புதிய சேய்கள். இவ்வொழுங்கு பிறழின் தரவுத்தளம் ஏற்காது.

இங்கேதான் நான் முதன்மையாகக் கருதும் செய்தி உள்ளது. தரவுத்தள மொழியின் நியமத்தில் ஒன்றும் கூறாவிடின் அழிப்பு மறுக்கப்படும் என்றோம். 'டேற்றாசெற்' அமைப்பின் அந்நியச் சாவிக் கட்டுப்பாட்டிலோ, ஒன்றும் கூறாவிடின் தொடர் அழிப்பே விதி. நூலகர் நினைவகத்தில் ஒரு வாசகரை நீக்குகிறார். கொண்டுவரப்பட்டிருந்த அவரது இரவல் நிரைகள் யாவும் அழிந்தவையாகக் குறிக்கப்படுகின்றன. சேமிக்கும்போது, மேற்கூறிய ஒழுங்கின்படி, இரவல்களை அழிக்கும் ஆணைகள் முதலிற் செல்கின்றன. அவற்றை ஏற்பதற்குத் தரவுத்தளத்திற்குத் தடையேதும் இல்லை. பின்னர் வாசகரை அழிக்கும் ஆணை வரும்போது, அவருக்குச் சேய்களே இல்லாத காரணத்தால் அதுவும் ஏற்கப்படுகிறது. மறுப்பதற்கென வைக்கப்பட்ட காவல், ஒரு விதியும் மீறப்படாமலே கடக்கப்பட்டுவிட்டது. வாசகர் கொண்டுசென்ற நூல் அலுமாரியை விட்டு ஒருநாளும் நீங்காததாகவே கணக்கிற் பதிவாகும். இரவலுக்கு இரண்டாவது தாயான நூலிடம் எவரும் கேட்கவில்லை. நூலகத்தின் இடத்தில் ஊழியர் சேமலாபப் பதிவையோ நோயாளர் பதிவையோ வைத்து நோக்கின், இழப்பின் பரிமாணம் விளங்கும்.

இயல்பு விதியை இவ்வாறு அமைத்தவர்கள் தீங்கு கருதினார்கள் எனச் சொல்வதற்கில்லை. கட்டளையும் அதன் உருப்படி வரிகளும் போன்ற வணிகப் பதிவுகளே அவர்கள் முன்னிருந்த மாதிரி. கட்டளை நீங்கியபின் அதன் வரிகளை வைத்திருப்பதிற் பொருளில்லை. திருகாணியின் காலத்திலிருந்து தொடரும் இவ்விருப்புக் கணக்கின் தருக்கம், மனிதரைப் பற்றிய பதிவுகளுக்கும் மாற்றமின்றி நீட்டப்படுவதே பிரச்சினை. அழிப்பு விதியை மறுத்தலாக மாற்றுவதற்குச் செய்நிரலில் ஒரே வரி போதும். அவ்வரியை எழுதவேண்டும் என்ற எண்ணம் தோன்றுவதற்கு, இங்கே சேய் எனப்படுவது மெய்யாகவே சார்ந்து நிற்பதா என்ற வினா முன்னதாக எழவேண்டும்.

2008இல் வந்த 'என்ரிற்றி பிரேம்வேர்க்', நிரைகளைப் பொருள்களாக்கி, தாயிலிருந்து சேய்க்குப் புள்ளியிட்டுச் செல்லும் வசதியைத் தந்தது. 2009இல் வெளியான 'மொங்கோடிபி' முதலிய ஆவணத் தரவுத்தளங்கள் சேயைத் தாயின் உள்ளேயே பொதிந்து வைத்து, ஐ.எம்.எஸ். மரத்தைப் புதிய பெயரில் நட்டன. பழைய மரமும் பட்டுப்போகவில்லை. வங்கிகள் பலவற்றில் ஐ.எம்.எஸ். இன்றும் இயங்குகின்றது. 2016இல் 'டொட் நெற்' புதிய வடிவில் வந்தபோது 'டேற்றாசெற்' அதில் இடம்பெறவில்லை. அடுத்த ஆண்டிலேயே, பழைய செய்நிரல்களின் பாரத்தைத் தவிர்க்கவியலாது, அது திரும்பச் சேர்க்கப்பட்டது. அதனோடு தொடர் அழிப்பு என்னும் இயல்பு விதியும் மாற்றமின்றித் திரும்பியது.